அத்தானின் பேச்சு காணாமல் போன ஆயுத பூஜை

இது நடந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பினாங்கில், ஓர் ஆயுத பூஜை அன்று. டத்தோ கிராமாட் சாலையை ஒட்டிய ஒரு பழைய அடுக்குமாடி வீட்டில் அப்போது என் அக்காவோடும் அத்தானோடும் தங்கியிருந்தேன். பீச் ஸ்ட்ரீட்டில் கப்பல் சரக்கு அலுவலகம் ஒன்றில் எனக்குக் கிராணி வேலை. நாளெல்லாம் டைப் அடிப்பதும், சாயங்காலம் வீட்டுக்கு வந்து அக்காவிடம் திட்டு வாங்குவதுமாக வாழ்க்கை போய்க்கொண்டிருந்தது.

அத்தானைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மனிதர் பெரிய பேச்சுக்காரர். தெரிந்தவர் வீட்டுக் கல்யாணம் எதுவானாலும் மைக்கைப் பிடிப்பது அவர்தான். மாப்பிள்ளை வீட்டையும் பெண் வீட்டையும் ஒரே மூச்சில் கிண்டலடித்துவிட்டு, இரண்டு பக்கத்தையும் சிரிக்க வைப்பார். வீட்டுக்கு யார் வந்தாலும், அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் சமையலறைப் பக்கம் திரும்பி, “வந்தவங்களுக்கு கோப்பி கலக்கு!” என்று ஒரு சத்தம் போடுவார். மின்சார மீட்டர் பார்க்க வந்தவர், வீடு மாறிக் கதவைத் தட்டியவர், எல்லோருக்கும் அந்தக் கோப்பி உண்டு. அக்கா முணுமுணுத்துக்கொண்டேதான் கலக்குவாள், ஆனால் கலக்காமல் இருந்ததில்லை.

அப்படிப்பட்டவருக்குப் பக்கவாதம் வந்தது. உயிர் தப்பியது பெரிய விஷயம் என்றார்கள். வலது கையும் பேச்சும் போய்விட்டன. வாயும் நாக்கும் சொன்னபடி கேட்கவில்லை, ஆனால் அறிவுக்கு ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் விளக்கினார். அது அவருக்கு நல்லதா கெட்டதா என்று எனக்குப் பல நாள் சந்தேகமாகவே இருந்தது. பார்க்க வருகிறவர்கள் அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டு, “சாப்புடுறாரா? தூங்குறாரா? ஆள அடையாளம் தெரியுதா?” என்று அக்காவிடம் கேட்பார்கள். அத்தான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். காது நன்றாகக் கேட்கும் ஒரு மனிதருக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேண்டாம்.

அவருடன் வேலை பார்த்தவர்கள்தான் ஒரு நாள், அலுவலகத்தில் கழித்துவிட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில் அதை முதலில் கற்றுக்கொண்டவர் அத்தான். இப்போது மாதிரிப் படமெல்லாம் வரும் கம்ப்யூட்டர் இல்லை அது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. நாம் ஒரு கட்டளையை அடித்தால் அது ஒரு பதிலைச் சொல்லும், அவ்வளவுதான். இடது கையின் ஒரே விரலால் அத்தான் ஒவ்வோர் எழுத்தாகத் தட்ட ஆரம்பித்தார். தமிழ் எழுத்து அதில் இல்லாததால், தமிழையே இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பார்.

ஆனால் அதில் ஒரு தொல்லை இருந்தது. ‘ஃபேனைப் போடு, வேர்க்குது’ என்று அடித்து முடிப்பதற்குள் வேர்வையே காய்ந்துவிடும். அதனால் அத்தான் ஒரு வழி கண்டுபிடித்தார். அடிக்கடி தேவைப்படும் வாக்கியம் ஒவ்வொன்றையும் ஒரு சின்ன ஃபைலாகச் செய்து, அதற்கு ஒரு குட்டிப் பெயர் வைத்துவிடுவார். பிறகு ‘fan’ என்று மட்டும் தட்டி என்டர் அடித்தால் போதும், முழு வாக்கியமும் திரை நடுவில் வந்து நிற்கும். கூடவே ‘கீங்’ என்று ஒரு சத்தம். சமையலறையில் இருக்கும் அக்காவுக்குக் கேட்க வேண்டும் என்பதற்காகவே அந்தச் சத்தத்தையும் சேர்த்து வைத்திருந்தார்.

அவர் முதன்முதலில் செய்த ஃபைலின் பெயர் ‘kopi’. அதில் என்ன இருந்தது என்று சொல்லத் தேவையில்லை.

மாதக்கணக்கில் உட்கார்ந்து இருநூறு வாக்கியத்துக்கு மேல் சேர்த்துவிட்டார். ‘ரசத்துல உப்பு இல்ல.’ ‘இந்த நாடகம் வேணாம், செய்தி வையி.’ ‘முதுகு வலிக்குது, திருப்பிப் படுக்க வையி.’ பார்க்க வருகிறவர்களுக்கென்றே ஒன்று: ‘என்னப் பத்தி என்கிட்டயே கேளுங்க.’ அக்காவுக்கென்று ஒன்று: ‘உனக்கு அறிவு இருக்கா?’ அதுதான் அதிகம் உழைத்த ஃபைல். எனக்கும் ஒன்று வைத்திருந்தார். நான் வேலை முடிந்து களைத்துப்போய் உள்ளே நுழையும்போது ‘கீங்’ என்று கேட்கும். திரையில், ‘மாப்பிள்ள பாக்கலாமா?’ என்று இருக்கும். எனக்கு எரிச்சலாக வரும், சிரிப்பும் வரும். வீட்டில் மறுபடி அவர் குரல் கேட்கிற மாதிரி இருந்தது.

இனி ஆயுத பூஜைக்கு வருகிறேன்.

என் அக்காவின் பூஜையில் எந்தக் கருவிக்கும் விலக்குக் கிடையாது. தையல் மெஷின், இஸ்திரிப் பெட்டி, கத்தி, கத்தரிக்கோல், என்னுடைய சின்ன மோட்டார் சைக்கிள், எல்லாவற்றையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைப்பாள். அப்படி வைத்ததை மறுநாள் விஜயதசமி காலை வரை யாரும் தொடக்கூடாது. நமக்கு வருஷம் முழுக்க உழைக்கிறவைக்கு ஒரு நாள் ஓய்வு என்பது அவள் கட்சி. ஒரு வருஷம் என் பேனாவையும் வைத்துவிட்டாள். அன்று கையெழுத்துப் போடுவதற்கு நான் பக்கத்து வீட்டில் போய்ப் பேனா கேட்டேன்.

அந்த வருஷம் அவள் பட்டியலில் கம்ப்யூட்டரும் சேர்ந்துவிட்டது. அவளைப் பொறுத்தவரை வீட்டிலேயே அதிகம் உழைப்பது அதுதான். காலையில் நான் சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அத்தான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஏதோ ஒரு புது வாக்கியம் அடித்துக்கொண்டிருந்தார். அக்கா சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

“போதும்ங்க, நல்ல நேரம் முடியப் போவுது. இன்னைக்கு அதுக்கும் ஓய்வு லா.”

அத்தான் இடது கையைத் தூக்கி ஆட்டினார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. எங்களுக்கு அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான் தெரியும், கொஞ்சம் பொறு என்பது. அக்காவும் கொஞ்சம் பொறுத்தாள். பிறகு சுவரில் இருந்த சுவிட்சைத் தட்டி, வயரைப் பிடுங்கி, அழகாகச் சுருட்டிப் பெட்டியின் மேல் வைத்தாள். அந்த நேரத்தில் பெட்டியின் முன்பக்கம் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விடாமல் மின்னிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அது எதற்காக மின்னுகிறது என்று அக்காவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்த ஒரே ஆளால் சொல்ல முடியவில்லை.

பூஜை நன்றாக முடிந்தது. திரைக்கு நடுவில் பெரிய குங்குமப் பொட்டோடு கம்ப்யூட்டர் மங்களகரமாக உட்கார்ந்திருந்தது. ஆனால் அத்தான் சுண்டலைத் தொடவில்லை. கையால் கம்ப்யூட்டரைக் காட்டிக்கொண்டே இருந்தார். “நாளைக்குத்தாங்க” என்று அக்கா சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அவர் முகத்தைப் பார்த்தால் இது வெறும் பிடிவாதமாகத் தெரியவில்லை. அக்கா கீழ் வீட்டுக்குச் சுண்டல் கொடுக்கப் போனதும், சாமியிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, நான் வயரைச் சொருகி ஓட விட்டேன்.

அத்தான் ‘kopi’ என்று தட்டினார். என்டர் அடித்தார். ‘கீங்’ சத்தம் வரவில்லை. அப்படி ஒரு கட்டளையோ ஃபைலோ இல்லை என்று இங்கிலீஷில் ஒரு வரி வந்தது. ‘fan’ தட்டினார். அதே வரி. ரசம், செய்தி, முதுகு, கடைசியில் அறிவு. எல்லாவற்றுக்கும் அதே வரி. அத்தான் விரலை எடுத்துக்கொண்டார். கையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். பல மாதமாக நான் பார்க்காமல் இருந்த அந்தப் பழைய முகம் திரும்பி வந்திருந்தது.

அக்கா வந்து பார்த்ததும் முதலில், “யாரு தொட்டது?” என்று கத்தினாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவளுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“நாந்தான் அவரு வாயப் புடுங்கிட்டேன்” என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

யாரையாவது கூட்டிவந்து அன்றைக்கே பார்க்கலாம் என்றேன். அக்கா எழுந்து கம்ப்யூட்டரை மறுபடி அணைத்தாள். “சாமிகிட்ட வச்சது. ஏற்கெனவே ஒரு தப்பு நடந்துபோச்சு. நாளைக்கு விடிஞ்சப்பறம்தான், அதுவரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது” என்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. “அத்தான் பேச்சு பெருசா, ஒன் சாமி பெருசா?” என்று கேட்டுவிட்டேன். அவள் கம்ப்யூட்டருக்கும் எனக்கும் நடுவில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

நான் பஸ் ஏறி கொம்தாருக்குப் போனேன். அந்தக் கட்டடத்தில் அப்போது வரிசையாகக் கம்ப்யூட்டர் கடைகள். முதலில் நுழைந்த கடையில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “டிஸ்க் குழம்பிப்போயிருக்கும் மிஸ். பெட்டியக் கொண்டாங்க. எல்லாத்தையும் அழிச்சிட்டு புதுசா போட்டுத் தரேன், நாளைக்கே ஓடும்” என்றார்.

“அதுல இருந்த ஃபைல்?”

“அது போயிருக்கும். மறுபடி டைப் பண்ணிக்கலாம் லா.”

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவருக்கு அது இருநூறு சின்ன ஃபைல். எனக்கு, ஒற்றை விரலோடு அத்தான் மாதக்கணக்கில் குனிந்து உட்கார்ந்திருந்த முதுகுதான் கண்முன் வந்தது. அவர் மறுபடி ஆரம்பிக்க மாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. சரி, கொண்டுவருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தவள், கடையில் நின்றபடியே அழுதுவிட்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

பக்கத்தில் ஒரு சீனர் நின்று டிஸ்கெட் வாங்கிக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். தொழிற்சாலைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. மலாயும் இங்கிலீஷும் கலந்து என்ன விஷயம் என்று கேட்டார். அவர் பேசியதை நான் இங்கே தமிழில் சொல்கிறேன். கதையைக் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, “அதுக்கப்பறம் அந்த டிஸ்க்ல ஏதாவது எழுதினீங்களா? காப்பி பண்ணீங்களா? ரிப்பேர் பண்றேன்னு யாராவது கை வச்சாங்களா?”

“இல்ல பாஸ். ஒரு தடவ ஓட விட்டோம், அவ்வளவுதான். இப்ப அது பூஜையில இருக்கு. என் அக்கா காவல் இருக்கா. நாளைக்குக் காலைல வரைக்கும் யாரையும் தொட விடமாட்டா.”

மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். “ஒங்க அக்காதான் சரியான ஆள். இந்த மாதிரி நேரத்துல செய்ய வேண்டியதே அதான். தொடக் கூடாது.”

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். “நீங்க பிளாட்லதானே இருக்கீங்க? கீழ பேர்ப் பலகை இருக்கும். அந்தப் பலகை ஒடைஞ்சு விழுந்துட்டா, வீட்டுக்குள்ள இருக்கிறவங்க எங்கயாவது போயிடுவாங்களா? யாரு எந்த வீட்டுலன்னு தெரியாது, அவ்வளவுதான். டிஸ்க் எழுதிக்கிட்டு இருந்தப்ப கரண்ட் போயிருக்கு, பலகை ஒடஞ்சிருக்கு. ஆனா பலகையப் பாக்கிற கம்ப்யூட்டரு, வீடெல்லாம் காலின்னு நெனச்சுக்கும். புதுசா எதாவது எழுதினா, அந்த வீட்டுல கொண்டுபோய்க் குடி வைக்கும். அப்பதான் பழைய ஆளு உண்மையாவே போயிடுவாரு.”

அக்காவின் பிடிவாதம் அத்தானின் பேச்சைக் காவல் காத்துக்கொண்டிருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. நான் கேட்ட கேள்வியை நினைத்து எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அவர் எங்கள் விலாசத்தை வாங்கிக்கொண்டார். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் வேலை, அன்று இரவு ஷிப்ட். முடித்ததும் நேராக எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார். வருவாரா என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. யாரோ எவரோ, எதற்காக வர வேண்டும்?

விஜயதசமி காலையில் வந்தே விட்டார். கண்ணெல்லாம் சிவந்து, தூக்கமே இல்லாத முகம். வாசலில் காலணியைக் கழற்றினார். அக்கா அவரைப் பார்த்து அவசரமாக, “இவரால பேச முடியாது. கேட்டாப் புரியும், ஆனா...” என்று எல்லோருக்கும் சொல்கிற விவரத்தை ஆரம்பித்தாள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு நாற்காலியை எடுத்தார். எங்கள் பக்கமாகப் போடவில்லை. அத்தானுக்கு நேராகத் திருப்பிப் போட்டு, முழங்காலோடு முழங்கால் இடிக்கும் அளவுக்கு நெருங்கி உட்கார்ந்தார். ‘அபாங்’ என்று அண்ணன் முறை வைத்து அவரிடமே பேசினார்.

“அபாங், நான் மொதல்ல பாக்க மட்டும்தான் போறேன். எதையும் மாத்த மாட்டேன். ஒங்களக் கேக்காம ஒண்ணும் செய்ய மாட்டேன். சரியா?”

அத்தான் அவரையே பார்த்தார். பிறகு தலையை மெதுவாக ஆட்டினார். ஜன்னல் பக்கமிருந்து அந்த முகம் திரும்பியதே எனக்குப் பாதி நிம்மதி.

திரையில் இருந்த குங்குமத்தைப் பார்த்துவிட்டு, “தொடலாமா?” என்று அக்காவிடம் அனுமதி கேட்டார். அக்கா விளக்கேற்றி, சூடம் காட்டி, விழுந்து கும்பிட்டுவிட்டு, தானே சுவிட்சைப் போட்டாள். வந்தவர் தன் டிஸ்கெட்டைச் சொருகி, அதிலிருந்தே கம்ப்யூட்டரைக் கிளப்பினார். வீட்டு டிஸ்க்கில் ஓர் எழுத்துக்கூட எழுதாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு என்று அதையும் அத்தானிடமே சொன்னார். பிறகு CHKDSK என்று ஒரு கட்டளையை அடித்தார். டிஸ்க்கைச் சோதித்துச் சொல்லும் கட்டளை அது. கூடவே F என்ற எழுத்தைச் சேர்த்தால்தான் திருத்தவும் செய்யுமாம். முதல் தடவை அவர் F சேர்க்கவில்லை.

சிவப்பு விளக்கு மின்னியது. திரையில் வரிகள் வந்தன. அவர் விரலால் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார். “பாருங்க அபாங். யாருக்கும் சொந்தமில்லாத துண்டு இருநூத்துக்கு மேல கெடக்குன்னு சொல்லுது. இருக்காங்க. வீட்டுக்குள்ளதான் இருக்காங்க.”

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இரண்டாம் தடவை F சேர்த்து அடித்தார். கம்ப்யூட்டர் ஒரு கேள்வி கேட்டது. சொந்தமில்லாமல் கிடக்கும் இந்தத் துண்டுகளை ஃபைல்களாக்கட்டுமா, Y-யா N-ஆ? N என்று அடித்தால் அத்தனையும் காலி இடம் என்று எழுதிக்கொள்ளும் என்று விளக்கினார். விளக்கிவிட்டு, தானே அழுத்தாமல், கீபோர்டைத் தூக்கி அத்தானின் இடது கைப் பக்கம் வைத்தார்.

“ஒங்க பேச்சு அபாங். நீங்கதான் சொல்லணும்.”

பக்கவாதம் வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் எத்தனையோ முடிவுகள் எடுத்திருந்தோம். எந்த டாக்டர், எந்த மருந்து, என்ன சாப்பாடு, எல்லாமே நாங்கள்தான். அன்பில்தான் செய்தோம், ஆனால் கேட்டுச் செய்யவில்லை. அத்தானின் விரல் கீபோர்டின் மேல் போய், Y-ஐத் தேடி, அழுத்தியது.

துண்டுகள் எல்லாம் ஃபைல்களாக வந்து வரிசையாக நின்றன. ஆனால் வைத்த பெயர் ஒன்றும் இல்லை. ஃபைல் பூஜ்யம், ஃபைல் ஒன்று, ஃபைல் இரண்டு என்று கைதிகளுக்கு நம்பர் போட்ட மாதிரி இருந்தது. ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்து, பழைய பெயரைத் திரும்ப வைக்க வேண்டும். வந்தவர் முதல் ஃபைலைத் திறந்தார். இங்கிலீஷ் எழுத்தில் இருந்த தமிழை, ஒரு வார்த்தை புரியாமல், தன் சீன ராகத்தில் சத்தமாக வாசித்தார்.

“ரா... சத்துலா... உப்பு... இல்லா.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதல்நாளிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தவள், சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அத்தானின் வாயும் ஒரு பக்கமாகக் கோணியது. அது அவர் சிரிப்பு. வந்தவருக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. ஒவ்வொன்றையும் வாசிப்பார், அத்தான் பெயரைத் தட்டுவார், அடுத்ததற்குப் போவார்கள். “மாப்பிள்ளை பாக்கலாமா” என்று அவர் என்னைப் பார்த்து வாசித்தபோது, அதற்கு என்ன அர்த்தம் என்று நான் கடைசிவரை சொல்லவில்லை. “உனக்கு அறிவு இருக்கா” வந்ததும் அக்கா, “அதுக்கு மட்டும் பேரு வைக்க வேணாம், அப்படியே போவட்டும்” என்றாள். அத்தான் மிகவும் கவனமாக அதற்குப் பெயர் வைத்தார்.

எல்லாம் சிரிப்பாகவே இருக்கவில்லை. ‘வலிக்குது’ என்பதற்கே ஏழெட்டு விதம் வைத்திருந்தார். லேசாக வலிக்குது, ரொம்ப வலிக்குது, வலிக்குது ஆனா யாரையும் எழுப்ப வேணாம். இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் எங்களுக்குக் காட்டியதே இல்லை. யாரையும் எழுப்பாமல் இருக்கத்தான் ‘கீங்’ சத்தம் சேர்க்காமல் வைத்திருந்தாராம். யாருக்கும் கேட்காமல், திரையில் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள ஒரு வாக்கியம். அதை வாசித்தபோது வந்தவருக்கு ஒன்றும் புரியவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்ததற்குப் போகாமல் கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். அக்கா போய் அத்தானின் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

மத்தியானம் ஆகிவிட்டது. சில துண்டுகள் குப்பையாக வந்தன, அவை போனது போனதுதான். ஆனால் கிட்டத்தட்ட எல்லாமே திரும்பிவிட்டன. முதல்நாள் காலையில் அடித்துக்கொண்டிருந்த புது வாக்கியம் மட்டும் கிடைக்கவில்லை. அது என்ன என்று அக்கா கேட்டாள். கேட்கவே அவளுக்குப் பயமாக இருந்தது, குரலில் தெரிந்தது. அத்தான் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார்.

‘சுண்டலுக்கு தேங்காய் நெறைய போடு.’

“இதுக்குத்தானா நேத்து அந்தக் கத்துக் கத்துனீங்க!” என்றாள் அக்கா. சொல்லிவிட்டு அழுதாள்.

வந்தவர், எல்லா வாக்கியங்களையும் தான் வாங்கியிருந்த புது டிஸ்கெட் ஒன்றில் பிரதி எடுத்து, தனியாக வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார். பிறகு தன் டிஸ்கெட்டை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரை வழக்கம்போல் ஓட விட்டார். “அபாங், டெஸ்ட் பண்ணிப் பாருங்க. எது வேணுமோ சொல்லுங்க” என்றார்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தான் முதலில் எதைச் சொல்லப்போகிறார் என்று அவள் பயந்தாள். திட்டட்டும், திட்டினால்கூடப் போதும் என்று என் காதருகில் சொன்னாள். அத்தான் திரையைப் பார்த்தார். வந்தவரைப் பார்த்தார், தூக்கம் இல்லாத அந்தச் சிவந்த கண்களைப் பார்த்தார். இடது கையை எடுத்து நான்கு எழுத்துத் தட்டினார். என்டர் அடித்தார்.

‘கீங்.’

‘வந்தவங்களுக்கு கோப்பி கலக்கு.’

அக்கா “இதோங்க” என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்கு ஓடினாள். உள்ளே சாமான்கள் உருளும் சத்தத்தோடு அவள் விம்முவதும் கேட்டது. கோப்பியோடு முதல்நாள் சுண்டலைச் சுடவைத்து, தேங்காய் நிறையப் போட்டுக் கொண்டுவந்தாள். வந்தவர் இரண்டு தட்டுச் சாப்பிட்டார். நாங்கள் கொடுக்கப் பார்த்த எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. மீதிச் சுண்டலை மட்டும் பொட்டலம் கட்டித் தரச் சொன்னார். போகும்போது அத்தானின் இடது கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

அத்தான் அதன்பிறகு பல வருஷம் இருந்தார். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அக்கா சந்தனக் கிண்ணத்தோடு அவர் பக்கத்தில் போய், “முடிச்சிட்டீங்களா? அணைக்கலாமா?” என்று கேட்பாள். அவர் Y என்று ஓர் எழுத்துத் தட்டிவிட்டு, தானே அணைப்பார். அந்தச் சிவப்பு விளக்கு முழுசாக அடங்கிய பிறகுதான் பொட்டு வைப்பாள். பிரதி எடுத்த டிஸ்கெட் சாமி அலமாரியில் விபூதி டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது.

அத்தானின் பேச்சை மீட்டுத் தந்த அந்தச் சீனரை ஒரு தடவை தேடிப் போனேன். கொம்தார் கடைக்காரருக்கு அவரைத் தெரியவில்லை. அவ்வளவு நேரம் எங்கள் வீட்டில் இருந்தவரின் பெயரைக் கேட்க எங்கள் யாருக்குமே தோன்றவில்லை. இன்றைக்கும் நோயாளி ஒருவரைப் பார்க்கப் போனால், வீட்டில் இருப்பவர்கள் எவ்வளவுதான் விவரம் சொன்னாலும், நான் என் நாற்காலியை அந்த நோயாளிக்கு நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, அவரிடமேதான் முதலில் பேசுகிறேன்.